தாத்தாவுக்கு ஒரு ரவுட்டர்

எங்கள் வீட்டில் தாத்தா என்றால் ஒரு பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பளையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேட்டியும் பொக்கைவாயும்தான் நினைவுக்கு வரும். கட்டுகஸ்தோட்டையில் அவருடைய வீட்டில் அறை எடுத்து வந்த புதிதில், ஐம்பதைக்கூட எட்டாத, புருவத்தை உயர்த்தியே ஒரு வகுப்பை அடக்கிவிடக்கூடிய கணித ஆசிரியை ஒருவரைப் பார்த்து, "தாத்தா, தண்ணி வரலை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சக் காலம் அவரை எப்படியும் கூப்பிடாமலே சமாளித்தேன். ஒருநாள் குளியலறைக் கோப்பைக்குள்ளிருந்து ஒரு தவளை என்னைப் பார்த்தது. "தாத்தா!" என்று போட்ட கூச்சலில் அந்தச் சொல் என் வாயில் ஒட்டிக்கொண்டது. பிறகு போகவேயில்லை.

வீடு மலைச்சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து உள்ளே வந்தால் மேல்மாடியில் நிற்பீர்கள். படுக்க இறங்க வேண்டும், சாப்பிட இன்னும் இறங்க வேண்டும். மேல்மாடியில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருந்தார். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் கணக்காளர். நடுமாடியில் ஓர் அறை எனக்கு. அடுத்தது தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு தங்கச்சிக்கு. அவள் அபாயா விற்பவள். கீழ்மாடியில் தாத்தாவின் அறையும் சமையல் நடக்கும் குசினியும். தாத்தாவின் கணவர் காலமான பிறகுதான் மேலே இருந்த அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்.

இணைய வயர் தெருவிலிருந்து வருவதால் ரவுட்டர் மேல்மாடியில் அலுமாரிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. முன்பு இருந்த யாரோ விட்டுப்போன கிழட்டுப் பெட்டி. தூசு படக் கூடாது என்று தாத்தா தன் கையால் பின்னிய பூத்துணி ஒன்றை அதற்குப் போர்த்தியிருந்தார். தண்ணீர் என்றால் மேலிருந்து கீழே தானாக இறங்கும். சிக்னலுக்கு அந்தப் புத்தி கிடையாது. மேலே அண்ணாவுக்குத் தாராளமாகக் கிடைத்தது, நடுவில் எங்களுக்கு இழுபறியாகக் கிடைத்தது, குசினிக்குப் போவதற்குள் செத்துவிட்டது.

ஆளுக்கு ஆள் தேவையோ பெரிது. அண்ணா வேலை முடிந்து வந்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியையும் மகளையும் வீடியோவில் கூப்பிடுவார். மகளின் வீட்டுப்பாடம் முழுக்க அந்தப் போனில்தான் நடக்கும். அவள் ஏழாம் வாய்ப்பாட்டில் எங்கே தடுக்குவாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தங்கச்சி போனை ஒரு கதிரையில் சாய்த்து வைத்து, அபாயாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி முகநூலில் லைவ் போட்டு விற்பாள். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். சிங்களத்தில் வரும் சலவைத்தூள் பைக்கட் வாசகங்களைத் தமிழாக்கி உடனே அனுப்பியாக வேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் இறங்கினால் வீடே குடுமிப்பிடிச் சண்டைக்குத் தயாராகும். "யாரு லைவ்ல இருக்கா?" என்று நான் கத்துவேன். "அண்ணா கோல்ல ஈக்கிறாரு!" என்று தங்கச்சி கத்துவாள். "நான் இப்பதான் கோல் எடுத்தனான், பிள்ளை!" என்று மேலிருந்து அண்ணா கத்துவார். அப்போதெல்லாம் தாத்தாவுக்கு இதில் பங்கே இல்லை. ஓய்வு நேரத்தில் கேக் செய்முறை பார்ப்பார். அது நடுவில் நின்றால் மிச்சத்தைத் தன் அறிவால் செய்து முடிப்பார்.

பங்கு வந்தது மாலைதீவால். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியை தேவை என்று தாத்தா விண்ணப்பித்திருந்தார். எங்களுக்குச் சொல்லவில்லை. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்த பிறகுதான் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். "இப்ப என்னாத்துக்கு தாத்தா இந்த வேலை? இங்க என்ன குறை?" என்று கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"வாப்பாட ஊட்டுல ஈந்தேன். பொறகு அவங்கட ஊட்டுக்கு வந்தேன். கலியாண ஊட்டுக்குப் பஸ் ஏறினேன், மவுத்து ஊட்டுக்குப் பஸ் ஏறினேன். எனக்கிண்டு ஒரு ஊருக்குப் போகவே இல்ல புள்ள. ஒருக்காப் போகணும்."

கலியாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே பஸ் ஏறியவர். நானும் உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினேன்.

முதல் நேர்முகப் பரீட்சை ஒரு கூத்து. தாத்தா நல்ல சேலை உடுத்து, முக்காடு போட்டு, தன் அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மூன்று பேர். சலாம் சொல்லும் வரை எல்லாம் ஒழுங்கு. "உங்கள் கற்பித்தல் முறையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் தாத்தா வாயைத் திறந்தார், படம் அப்படியே உறைந்துவிட்டது. இங்கே தாத்தா சொல்லிக்கொண்டே போகிறார். அங்கே அவர்கள் வாயைப் பிளந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். லைன் திரும்பி வந்தபோது அவர் பின்னங்களை முடித்துத் தசமத்தில் நின்றார். அவர்கள் மறுபடி கேட்டார்கள், மறுபடி உறைந்தது. கடைசியில் ஒரு மின்னஞ்சல்: இன்னொரு சனிக்கிழமை, மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, கடைசி முறையாகப் பார்ப்போம். உங்கள் இணைப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அன்று தாத்தா குசினியில் எதையும் உடைக்கவில்லை, யாரையும் ஏசவில்லை. கேக் மட்டும் செய்தார். அது பொங்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு துண்டு வாயில் திணித்துக்கொண்டு, நல்ல கேக் என்று சத்தியம் செய்தோம்.

முதலில் லைன் பார்க்க ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் சிங்களவர், மரியாதையான மனிதர். கீழே அறையைப் பார்க்க வேண்டும் என்றார். நான் படியில் நின்று, "தாத்தா! லைன் பாக்குறவர் வந்திருக்காரு!" என்று கீழே குரல் கொடுத்தேன். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. வீட்டுப் பெரியவர் வருகிறார் என்று நினைத்து நின்றவருக்கு முன்னால் தாத்தா கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார். வந்தவர் வணக்கம் சொல்லிவிட்டு, தாத்தாவின் தோளுக்கு மேலால் படியை எட்டிப் பார்த்தார்.

"தாத்தா இன்னவத?" அப்பா இருக்கிறாரா?

"இவங்கதான் தாத்தா" என்று நான் கைகாட்டியதும் அந்த மனிதர் முகத்தில் வந்த குழப்பத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் வேலையைப் பார்த்தார். லைன் நன்றாக இருக்கிறது, பெட்டிதான் பழசு, நாலு பேரைத் தாங்காது, நல்ல ரவுட்டர் ஒன்று வாங்குங்கள் என்றார். போகும்போது பூத்துணியை இரண்டு விரலால் எடுத்து மடித்து, சூடு வெளியே போக வேண்டும் என்று தாத்தாவின் கையில் பவ்வியமாகக் கொடுத்தார்.

எந்த ரவுட்டர் என்பதில் தொடங்கியது அடுத்த போர். அண்ணா அன்டெனாக் கொம்பு எண்ணுகிற கட்சி. "ஆறு கொம்பு உள்ளதா எடுப்பம். ஆளுக்கு ஒண்டு, மிச்சம் ரண்டு விருந்தாளிக்கு." தங்கச்சிக்கு நிறம் முக்கியம், லைவ் போடும்போது பின்னால் தெரியுமாம். ரவுட்டர் மேல்மாடியில் இருக்கும்போது நடுமாடி லைவில் அது எப்படித் தெரியும் என்று கேட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நானோ மதிப்புரை படிக்கிற கட்சி. ஒரே பெட்டியை ஒருவர் வாழ்க்கையை மாற்றியது என்கிறார், அடுத்தவர் கதவுக்கு அண்டை கொடுக்கத்தான் லாயக்கு என்கிறார். இரண்டு அலைவரிசை இருக்க வேண்டும் என்பது மட்டும் விளங்கியது. ஒன்று மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். மற்றது வேகமானது, சுவரைக் கண்டால் நின்றுவிடும். இதைப் படித்து முடிப்பதற்குள் எங்கள் பெட்டி இரண்டு முறை அணைந்து எழுந்தது.

கடைசியில் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கண்டி டவுனில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பேச்சைக் கேட்டதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. அசல் எங்கள் கம்பளைப் பக்கத்துத் தமிழ். அண்ணாவோடு பேசும்போது நான் சொல்லைப் பார்த்துப் பேசுவேன். தங்கச்சியோடும் அப்படித்தான். நம்ம ஆள் என்றதும் எனக்குக் கவனம் போய்விட்டது.

"யாருங்க கூடுதலா பாவிக்கப் போறது?" என்று கேட்டார்.

"எல்லாருந்தாங்க. ஆனா தாத்தாவுக்குத்தான் முக்கியமா வேணும். கீழ்மாடியில இருக்காங்க. வீடியோ கோல்ல முகம் தெளிவா தெரியணும், பேச்சு வெட்டுப்படக் கூடாது."

"ஆ, தாத்தாவுக்கா!" குரலில் ஒரு கனிவு இறங்கியது. "தாத்தாவுக்குக் காது நல்லா கேக்குமாம்மா?"

ரவுட்டருக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். ஒலித்தரம் பற்றிய தொழில்நுட்பக் கேள்வி போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். "நல்லா கேக்கும். மேல நாங்க குசுகுசுன்னு பேசுறதுகூட கீழ இருந்து கேட்டுருவாங்க."

"படி ஏறி எறங்குவாங்களா?"

"அதை ஏன் கேக்குறீங்க. நாங்கதான் மூச்சு வாங்குவோம், அவங்க வாங்க மாட்டாங்க."

"அந்தக் காலத்து ஒடம்புங்க."

தாத்தா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அந்தக் காலத்து உடம்பு என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மரியாதையான மனிதர், மன்னித்துவிட்டேன். எங்கள் மரியாதைப் பேச்சில் வேறு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இருக்காங்க, வருவாங்க, கேப்பாங்க. அந்தப் போனில் கடைசி வரை அவருக்குச் சந்தேகம் வர ஒரு சொல்லும் நான் விடவில்லை.

"ஒண்ணும் யோசிக்காதீங்க. நான் எல்லாம் செட் பண்ணியே அனுப்புறேன். தாத்தா ஒண்ணையும் தொட வேணாம்" என்றார். சிங்களத் தாத்தாவுக்கு விழுந்து விழுந்து சிரித்த நான், தமிழ்த் தாத்தாவில் இப்படி மாட்டிக்கொண்டேன்.

பெட்டி வந்தது. கைக்கடக்கமாக, ஒரே ஒரு கொம்போடு. அண்ணாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் போட்டுப் பார்த்தால் பழையதைவிட எவ்வளவோ மேல். போனில் வைஃபை பெயரைத் தேடினால் ஆங்கில எழுத்தில் 'தாத்தா' என்றே வந்தது. கடைக்காரர் தாத்தாவுக்குக் கொடுத்த மரியாதையைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். தாத்தாகூட வெட்கத்தோடு சிரித்தார்.

முதல் நாள் இரவு, பக்கத்துப் பள்ளிவாசலில் கடைசித் தொழுகைக்கான இஷா பாங்கு சொல்லி முடிந்த கொஞ்ச நேரத்தில் லைன் போய்விட்டது. வீடு முழுக்க. விடிந்து பார்த்தால் இருக்கிறது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அண்ணா, ஊரே குக்கர் போடுகிற நேரம், வோல்டேஜ் குறைகிறது என்று ஆராய்ச்சியில் இறங்கினார். நான், பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்றேன். மேட்ச் இல்லாத நாளிலும் போனது. தங்கச்சியின் விளக்கம்தான் எல்லாவற்றையும் விட மேல். தொழுகை நேரத்தில் வியாபாரம் செய்யாதே என்று தனக்கு அல்லாஹ் உணர்த்துகிறான் என்று முடிவுகட்டி, லைவைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாற்றிவிட்டாள். அந்த நேரத்தில் வியாபாரம் கூடியதும் உண்மை. அதனால் அவளிடம் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

தாத்தா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "நல்லம்தானே. எல்லாரும் கீழ வாங்க. ஒண்டா இருந்து தின்னுங்க" என்றார். அதுவரை ஆளாளுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்ப் போனைப் பார்த்துச் சாப்பிட்டவர்கள், வேறு வழியில்லாமல் குசினி மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணாவுக்குப் பாட வரும் என்பது அங்கேதான் தெரிந்தது. பாட விடக் கூடாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. மாங்காய்ச் சம்பலுக்குச் சீனி போடுவதா இல்லையா என்பதில் மூன்று ஊருக்கும் மூன்று கொள்கை. தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் கொள்கைப்படி சீனி போட்டார். எனக்கு அந்த மேசை பிடித்திருந்தது. சொல்லப்போனால், லைன் போகிற நேரத்தை எதிர்பார்த்திருக்கத் தொடங்கியிருந்தேன்.

ஆனால் நேர்முகப் பரீட்சை மஃரிபுக்குப் பிறகு. பேச்சு இழுபட்டால் இஷாவைத் தாண்டும். ஒருநாள் ஒத்திகை பார்த்தோம். அண்ணா மேலே இருந்து மாலைதீவுக்காரராக நடித்தார். தாத்தா கீழே இருந்து பதில் சொன்னார். நன்றாகத்தான் போனது. பாங்கு கேட்டது. கொஞ்ச நேரத்தில் தாத்தா மறுபடியும் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். அண்ணா கணினியை அப்படியே என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்ததும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடைக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று, காலையில் பெட்டியைப் பையில் போட்டு, தாத்தாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் யார் என்று சொன்னதும் கடைக்காரர் எழுந்து நின்றார். "வாங்கம்மா, வாங்க. தாத்தா எப்படி இருக்காங்க?"

"நீங்களே கேளுங்க" என்றேன், கடுப்போடு. "இந்தா நிக்கிறாங்க."

அவர் தாத்தாவைப் பார்த்தார். பிறகு தாத்தாவுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "தாத்தாவோட மகளுங்களா?"

"நான்தான் தம்பி தாத்தா."

கடையில் அப்போது போன் உறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் நானாவுக்குத்தான் (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முதலில் விளங்கியது. "அவங்க தாத்தா இல்ல தம்பி, தாத்தா!" என்று விளக்கம் வேறு கொடுத்தார். கொடுத்துவிட்டு, கண்ணாடி அலுமாரியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது: காது, படி, அந்தக் காலத்து உடம்பு.

"ஒரு சேவையாத்தாங்க செஞ்சேன்" என்றார் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு. "வயசானவங்க பழைய படம் பாத்துப் பாத்துத் தூங்கவே மாட்டேங்குறாங்கன்னு வீட்ல உள்ளவங்க வந்து சொல்லுவாங்க. அதான் எட்டு மணிக்கு மேல ஓடாம வச்சுக் குடுத்தேன்."

தாத்தா புருவத்தை உயர்த்தினார். கடைக்காரர் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டார், நான் என் கண்ணால் பார்த்தேன். பிடிக்க வந்த பிடியை நான் பிடிக்கவேயில்லை. பாதிப் பிழை என் வாயில் இருந்து போனதல்லவா. எட்டு மணித் தடையை அங்கேயே நின்று நீக்கித் தருகிறேன் என்றார். தாத்தா விடவில்லை.

"அத உடுங்க. நாலு பேரு, மூணு மாடி, எல்லாருக்கும் ஒரே நேரம் வேணும். இது தாங்குமா?"

"தாங்காதுங்க" என்று ஒத்துக்கொண்டார்.

தாத்தா ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கி, வீட்டைப் பக்கவாட்டில் வெட்டியது போல வரைந்தார். இங்கே தெரு, இங்கே படி, இங்கே கொங்கிரீட் தட்டு, இங்கே நான். கடைக்காரர் முதலில் மாடிக்கு ஒன்றாக வைக்கிற மூன்று பெட்டிகளை எடுத்து வைத்து, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்றார்.

"அது பேசட்டும். நான் பேசக்குள்ள வெட்டுப்படாதுண்டு உங்களால செல்ல ஏலுமா?"

"நூத்துக்கு நூறு சொல்ல ஏலாதுங்க."

"அப்ப எதுக்கு நூத்துக்கு நூறு செல்லுவீங்க?"

"வயர் இழுத்தா சொல்லுவேன்."

"அப்ப வயர்" என்றார் தாத்தா.

சின்னப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு அலைவரிசை உள்ள கனமான ரவுட்டர் ஒன்றும், கரண்ட் போனால் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு பேட்டரியும், ஒரு பெரிய சுருள் வயரும் வாங்கிக்கொண்டு வந்தோம். கொம்பு நாலு. அண்ணாவுக்கு அதில் ஓரளவு திருப்தி. வைஃபைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். தாத்தா என்றே இருக்கட்டும் என்று மூன்று பேரும் ஒரே வாயில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வயர் இழுத்தோம். அலுமாரிக்கு மேலிருந்து சுவரோரமாக, படியோரமாக, கீழே தாத்தாவின் அறைக் கதவு இடுக்கு வரை. நான் வயரைப் பிடிக்க, தங்கச்சி கிளிப் எடுத்துக் கொடுக்க, அண்ணா சுத்தியலால் அடித்துக்கொண்டே வந்தார். நடுமாடிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"நாங்கள் உந்த வயரை இழுத்துத்தான் தாத்தாவை அனுப்பப் போறம், என்ன?" என்றார்.

எவ்வளவு நாளாக ரவுட்டர், கொம்பு, அலைவரிசை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்! எதற்கு என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்கச்சி கையிலிருந்த கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயர் ஒரு இடத்தில் சரியாகப் பொருந்தாமல் இருந்தால் என்ன என்று எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. வந்ததை மறைப்பானேன். கீரை ஆய்ந்துகொண்டு அவர் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது.

"அடிங்கண்ணா" என்றேன். "நல்லா இறுக்கி அடிங்க."

சனிக்கிழமை மஃரிப் முடிந்தது. தாத்தா அதே சேலையை உடுத்திக்கொண்டு கதவைச் சாத்தினார். எங்கள் போன்களையெல்லாம் அணைத்தோம். அண்ணா மனைவியிடம் இன்று வாய்ப்பாடு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். செய்ய வேறு எதுவும் இல்லாமல் மூன்று பேரும் கீழ்மாடிப் படியில் வரிசையாக உட்கார்ந்தோம். கதவுக்கு அப்பால் பேசுவது அத்தனையும் கேட்டது. ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஒரு பிள்ளை பின்னத்தைக் கண்டு பயந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பயந்த பிள்ளைக்கு முதலில் ரொட்டியைப் பிய்த்துக் கொடுப்பேன், பிறகு கணக்கைக் கொடுப்பேன் என்று தொடங்கி தாத்தா ஒரு பாடமே நடத்திவிட்டார். அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கூடப் பிசிறில்லாமல் வந்து சேர்ந்தது. அண்ணா என் தோளில் தட்டினார். இஷா பாங்கு சொன்னது, முடிந்தது. லைன் நின்றது நின்றபடி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ அந்த ரவுட்டரை நானே பெற்று வளர்த்தது போல.

கேள்விகள் முடிகிற கட்டம். எப்போது வர முடியும் என்று கேட்டார்கள். பள்ளித் தவணை முடிந்ததும் என்றார். பிறகு ஒரு பெண் குரல், அன்பாகத்தான் கேட்டது: வீட்டில் உங்களை நம்பி யாராவது இருக்கிறார்களா? விட்டுவிட்டு வர முடியாதபடி யாராவது?

பதில் வரவில்லை.

தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அண்ணா எழுந்து, சத்தம் கேட்காமல் இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா மேல்படியில் வந்து நின்று, கையால் காட்டினார். எல்லா விளக்கும் பச்சை. ஒன்றும் வெட்டுப்படவில்லை. தாத்தாதான் பேசாமல் இருந்தார்.

"இல்லை" என்றார் பிறகு. "யாரும் இல்லை."

உண்மைதானே. நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். அப்படி ஒரு கேள்விக்கு வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் நானே அவரை ஏசியிருப்பேன். ஆனாலும் எனக்கு வலித்தது. பழைய பெட்டியாக இருந்திருந்தால் அந்த மௌனத்தை லைன் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஒருவேளை அந்தக் கேள்வியே இங்கே வந்து சேர்ந்திருக்காது.

கதவு திறந்தது. தாத்தா முக்காட்டைத் தளர்த்திக்கொண்டே வெளியே வந்தார். படியில் இருந்த எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், மேலே நின்ற அண்ணாவைப் பார்த்தார்.

"லைன் எப்பிடி?" என்று கேட்டார். "வெட்டுப்படல்லதானே?"

"இல்ல தாத்தா" என்றேன். "எல்லாம் தெளிவா கேட்டுச்சு."